கஸ்டர்ட் கான்சன்ட்ரேட்டைச் சோதித்துப் பார்ப்பது: வேப் திரவம் புதிதாகக் கலப்பவர்களுக்கு

வீட்டிலேயே வேப் திரவம், அதாவது மின் சிகரெட்டில் சூடாக்கி ஆவியாக இழுக்கும் திரவம், கலக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு பழ வாசனையும் ஒரு இனிப்புப் பலகார வாசனையும்தான். பழம் கலந்த அன்றைக்கே தன்னைக் காட்டிவிடும். கஸ்டர்ட், கேக், பிஸ்கட், கேரமல், க்ரீம் வகையறா அப்படி இல்லை. முதல் நாள் ஒன்று சொல்லும், பத்தாம் நாள் வேறு சொல்லும், ஒரு மாதம் போனால் ஆளே மாறியிருக்கும். நான் தொடங்கிய புதிதில் ஒரு வெனிலா கஸ்டர்டைக் கலந்து, அன்று மாலையே இழுத்துப் பார்த்து, ஸ்பிரிட் நெடியைத் தவிர எதுவும் இல்லை என்று பாட்டிலை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஆறு வாரம் கழித்து வேறெதையோ தேடும்போது அது கையில் அகப்பட்டது. திரவம் வெளிர் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. இழுத்தால் பாலும் முட்டையும் வெனிலாவும் ஒன்றாகத் திரண்ட சுவை. அதற்குப் பிறகு இந்த வகைக்கு ஒரே நாளில் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஒரு பாட்டில் இனிப்பு கான்சன்ட்ரேட், அதாவது திரவத்தில் சேர்க்கும் செறிந்த வாசனைக் கரைசல், கைக்கு வந்ததும் அதை எப்படி முறையாக எடைபோடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குக் கஸ்டர்டையே வைத்துக்கொள்வோம். மற்ற பலகார வாசனைகளுக்கும் இதே வழி பொருந்தும்.

அதற்கு முன் இரண்டு விஷயம். இது ஏற்கெனவே வேப் பயன்படுத்தும் வயதுவந்தவர்களுக்கானது. புகையோ நிகோடினோ பழகாதவர் சுவைக்காக இதற்குள் வர வேண்டாம், நுரையீரலுக்குக் காற்றைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சில நாடுகளில் மின் சிகரெட்டும் அதற்கான திரவமும் முழுக்கத் தடை, சில இடங்களில் நிகோடின் கலந்ததற்கு மட்டும் கட்டுப்பாடு. நீங்கள் இருக்கும் இடத்தின் நிலவரத்தைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

முதல் கேள்வி சுவை அல்ல

புதியவர்கள் மூடியைத் திறந்ததும் மூக்கைத்தான் கொண்டுபோவார்கள். நான் முதலில் காகிதத்தைத் தேடச் சொல்வேன். இந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைச் சூடாக்கி நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது.

கான்சன்ட்ரேட் என்பது வாசனைப் பொருள்களை ஒரு கரைப்பானில் கரைத்தது. கரைப்பான் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், நம் பேச்சில் பிஜி. சிலவற்றில் எத்தில் ஆல்கஹால், ட்ரைஅசிட்டின், தண்ணீர் இவையும் இருக்கும். இவை எல்லாமே பிஜியோடும் கிளிசரினோடும், அதாவது விஜியோடும், கலந்துவிடும். கலக்கவே கூடாதது எண்ணெய். சமையலுக்கு விற்கும் எசன்ஸ்களில் சில எண்ணெயில் கரைத்தவை, சிலவற்றில் சர்க்கரையும் செயற்கை நிறமும் உண்டு. வயிறு எண்ணெயைச் செரித்துவிடும், நுரையீரலால் அது முடியாது. உள்ளே போகும் கொழுப்பு அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவைக் கொண்டுவரும். 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களிடையே திடீரெனப் பரவிய கடுமையான நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதில் முக்கியமாகச் சந்தேகிக்கப்பட்டது வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்த் தன்மையுள்ள பொருள். கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சா திரவங்களில்தான் அது பெரும்பாலும் இருந்தது. ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொது: மாத்திரையிலும் முகக் கிரீமிலும் சாதுவாக இருக்கும் ஒரு பொருள் நுரையீரலுக்குள் அப்படி இருக்க வேண்டியதில்லை.

இதே காரணத்தால், லேபிளில் 'உணவுத் தரம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்தச் சான்று சாப்பிடுவதற்கு. சூடாக்கி உள்ளிழுப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து வெண்ணெய் விவகாரம். இனிப்பு வாசனைகளுக்கே உரிய பிரச்சினை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெண்ணெய் மணத்தைத் தருவதில் பேர்போன பொருள் டைஅசிட்டைல். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் முன்பு வேலை பார்த்த 8 பேருக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் இருப்பது தெரியவந்தது. விசாரித்துப் பார்த்ததில் வெண்ணெய் வாசனைப் பொருளின் ஆவி என்று வந்தது. 'பாப்கார்ன் நுரையீரல்' என்ற பெயர் அங்கிருந்துதான் பிறந்தது. அந்த நோய்க்குத் திருப்பம் கிடையாது, போன மூச்சு போனதுதான். டைஅசிட்டைலுக்குக் கெட்ட பெயர் வந்ததும் பல உற்பத்தியாளர்கள் அசிட்டைல் புரோப்பியோனைலுக்கு மாறினார்கள். இதற்கு 2,3-பென்டேன்டையோன் என்றும் பெயர். மூலக்கூறு அளவில் இரண்டும் அண்ணன் தம்பி. அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2016-இல் வேலைத்தளக் காற்றுக்குப் பரிந்துரைத்த வரம்பு டைஅசிட்டைலுக்கு நூறு கோடியில் 5 பங்கு, தம்பிக்கு 9.3 பங்கு. எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள். மூன்றாவது ஆள் அசிட்டோயின். இது அவ்வளவு மோசமில்லை, ஆனால் திரவத்தில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக டைஅசிட்டைலாக மாறக்கூடியது.

இது எங்கோ ஆலையில் நடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 51 வாசனை மின் சிகரெட்டுகளைச் சோதித்தார்கள். 39-இல் டைஅசிட்டைல் இருந்தது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று 47-இல் இருந்தது. சிகரெட் புகையிலும் டைஅசிட்டைல் உண்டு என்று சிலர் பதில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நாமே கையால் கலக்கும்போது, வேண்டாததை விலக்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

விலக்குவது எப்படி? உற்பத்தியாளரின் தளத்தில் அந்த வாசனைக்கான பாதுகாப்புத் தகவல் தாளை இறக்கிக்கொள்ளுங்கள். வேதிப் பெயர்கள் பல வடிவத்தில் வரும் என்பதால், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணைத் தேடுவது சுலபம். டைஅசிட்டைல் 431-03-8. அசிட்டைல் புரோப்பியோனைல் 600-14-6. அசிட்டோயின் 513-86-0. இந்த மூன்று எண்ணையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும். ஆனால் தகவல் தாள் முழுக் கதையையும் சொல்லாது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள பொருளை அதில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே ஆய்வக அறிக்கை இருந்தால் அதையும் கேளுங்கள். அதில் 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், எந்த அளவு வரை கண்டறியக்கூடிய கருவி என்ற வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். துல்லியம் குறைந்த கருவியில் கண்டறியப்படவில்லை என்பதற்கும் நுண்ணிய கருவியில் கண்டறியப்படவில்லை என்பதற்கும் பெரிய வித்தியாசம்.

சில நிறுவனங்கள் இந்த மூன்றையும் நீக்கிய வடிவத்தைப் பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்' என்றோ 'வி2' என்றோ சேர்த்துத் தனியாக விற்கின்றன. ஒரே பெயரில் இரண்டு பாட்டில் கிடைத்தால் எதை வாங்குகிறீர்கள் என்று கவனியுங்கள். பழைய வடிவம்தான் சுவை அதிகம் என்று பலர் சொல்வார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. நான் அதை வாங்குவதில்லை. ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் வெண்ணெய்க் குழம்பு வாசனை ஒன்றைப் பற்றிக் கேட்டேன். எல்லாம் பாதுகாப்பானது, கவலை வேண்டாம் என்று மட்டும் பதில் வந்தது. மூன்று முறை கேட்டும் தாள் வரவில்லை. அந்த பாட்டிலை நான் திறக்கவே இல்லை. நீங்களும் இதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: தாள் இல்லையென்றால் சோதனை இல்லை.

மூக்கும் காகிதத் துண்டும்

தாள் சரியாக இருந்தால் இப்போது முகரலாம். பாட்டில் வாயில் மூக்கை வைத்து இழுக்காதீர்கள். கான்சன்ட்ரேட்டின் செறிவு மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், ஆல்கஹால் இருந்தால் அதுதான் முதலில் அடிக்கும். வாசனைத் திரவியம் செய்பவர்களின் பழக்கம் ஒன்று இதற்கு உதவும். உறிஞ்சும் காகிதத்தை நீளத் துண்டாக வெட்டி, நுனியில் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து முகருங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மறுநாள் காலையில் இன்னொரு முறை. எளிதில் ஆவியாகும் பொருள்கள் முதலில் பறந்துவிடும், வெனிலா மணம் தரும் வெனிலின் போன்ற கனமானவை மறுநாளும் காகிதத்தில் உட்கார்ந்திருக்கும். காலையில் மிஞ்சியிருப்பதுதான் அந்த வாசனையின் அடித்தளம். அது பிடிக்கவில்லை என்றால் கலந்தாலும் பெரும்பாலும் பிடிக்காது.

அப்படியே வெளிச்சத்தில் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள். கான்சன்ட்ரேட் ஒரே சீராக இருக்க வேண்டும். மேலே தனிப் படலம் மிதந்தாலோ, குலுக்கினால் பால் போலக் கலங்கி மறுபடி பிரிந்தாலோ எண்ணெய் என்று சந்தேகப்படுங்கள். அடியில் பொடிப்பொடியாகப் படிகம் தெரிந்தால் அது வேறு. குளிரில் வெனிலின் படிகமாக இறங்குவது உண்டு, அறை வெப்பத்தில் குலுக்கினால் கரைந்துவிடும்.

மூன்று பாட்டில், ஒரே வாசனை

சோதனைக்கு ஒரு வாசனையை மட்டும் தனியாகக் கலக்க வேண்டும். மூன்று நான்கு வாசனைகளைச் சேர்த்து ஒரு கலவை செய்து, அது நன்றாக இல்லை என்றால் யார் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தனியாகப் பார்ப்பது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பார்த்த பத்து வாசனை கையில் இருந்தால், பிறகு நீங்கள் செய்யும் ஒவ்வொரு கலவையும் அதன் பலனைக் காட்டும்.

நிகோடின் சேர்க்காமல் கலக்குங்கள். தொண்டையில் அது தரும் காரம் வாசனையின் குறையையும் நிறையையும் மறைக்கும். தவிர, நிகோடின் தோல் வழியாகவும் உடலில் ஏறும் விஷம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இருக்கும் வீட்டில் அதைப் பூட்டி வைப்பதுதான் முறை. சோதனைக் கட்டத்தில் அந்தத் தொல்லையே வேண்டாம்.

வேண்டியவை அதிகமில்லை: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, 15 மில்லி கொள்ளளவுள்ள பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் மூன்று, கையுறை, ஒட்டுத்தாள், பேனா. சொட்டு எண்ணிக் கலக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். சொட்டின் அளவு பாட்டிலின் முனை, திரவத்தின் திண்மை, வெப்பம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். இன்று 20 சொட்டு ஒரு மில்லி என்றால் நாளை 30 சொட்டு ஒரு மில்லி. எடை ஏமாற்றாது.

கணக்கு இப்படி. ஒரு மில்லி விஜியின் எடை 1.26 கிராம், ஒரு மில்லி பிஜி 1.036 கிராம். கான்சன்ட்ரேட்டுக்கு ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது வழக்கம், வீட்டுச் சோதனைக்கு அது போதும். பிஜியில் கரைத்த வாசனை என்றால் அது பிஜி பங்கில் சேரும். 70 சதவீதம் விஜி உள்ள 10 மில்லி திரவத்தை மூன்று அளவில் செய்யலாம். முதல் பாட்டிலில் 3 சதவீதம்: கான்சன்ட்ரேட் 0.30 கிராம், பிஜி 2.80, விஜி 8.82. இரண்டாவதில் 6 சதவீதம்: 0.60, 2.49, 8.82. மூன்றாவதில் 9 சதவீதம்: 0.90, 2.18, 8.82. தராசில் பாட்டிலை வைத்து, பூஜ்ஜியம் ஆக்கி, முதலில் வாசனை, அப்புறம் பிஜி, கடைசியில் விஜி. ஒவ்வொன்றுக்கும் இடையில் மறுபடி பூஜ்ஜியம். வாசனை ஒரு சொட்டு கூடிவிட்டால் கலங்க வேண்டாம், உண்மையில் எவ்வளவு விழுந்ததோ அதையே எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுத்தாளில் எழுதிய எண்ணும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் போதும்.

பலகார வாசனைகள் எல்லாம் ஒரே பலம் அல்ல. சிலது 2 சதவீதத்திலேயே முழுதாக நிற்கும், சிலது 8 வரை போனால்தான் பேசும். அதனால்தான் மூன்று பாட்டில். உற்பத்தியாளர் பரிந்துரைத்த அளவு இருந்தால் அதை நடுப் பாட்டிலுக்கு வைத்து, அதன் பாதியையும் ஒன்றரை மடங்கையும் மற்ற இரண்டுக்கு வையுங்கள்.

மூடி இறுக்கி இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். விஜி தடிப்பானது, சும்மா ஆட்டினால் கலக்காது. உள்ளே நுரை எழும்பி வெண்மையாகத் தெரியும், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

ஊற வைப்பது

இனிப்பு வாசனையை ஏன் ஊற வைக்க வேண்டும்? வெறும் பொறுமைச் சோதனை இல்லை, உள்ளே வேலை நடக்கிறது. தடித்த விஜிக்குள் வாசனைப் பொருள்கள் சீராகப் பரவ நேரம் பிடிக்கும். ஆல்கஹால் இருந்தால் அதன் நெடி மெல்லத் தணியும். அதோடு வெனிலின், எத்தில் வெனிலின் போன்ற ஆல்டிஹைடுகள் பிஜியோடு வினைபுரிந்து அசிட்டால் என்ற வேறொரு சேர்மமாக ஓரளவு மாறுகின்றன. கலந்த அன்று நீங்கள் இழுக்கும் திரவமும் மூன்று வாரம் கழித்து இழுப்பதும் வேதியியல்படியே இரண்டு வேறு திரவம். வெனிலின் உள்ளவை நாளாக ஆக மஞ்சள், தேன் நிறம், பழுப்பு என்று கருத்துக்கொண்டே போகும். அதைக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

வெளிச்சம் படாத, சூடு இல்லாத இடத்தில் மூடியே வையுங்கள். மூடியைத் திறந்து வைத்தால் சீக்கிரம் பதமாகும் என்று சொல்வார்கள். ஆல்கஹால் நெடி மிகுதியாக இருந்தால் முதல் நாள் சில மணி நேரம் திறந்து வைக்கலாம், அதற்கு மேல் போனால் நல்ல வாசனையும் சேர்ந்தே பறந்துவிடும். வெந்நீரில் வைப்பது, அதிர்வுத் தொட்டியில் போடுவது போன்ற குறுக்குவழிகளையும் பார்த்திருப்பீர்கள். கலப்பது வேகமாகலாம், மூன்று வாரம் செய்யும் வேலையை அவை செய்து நான் பார்த்ததில்லை.

எப்போதெல்லாம் சுவைப்பது? கலந்த மறுநாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள், முடிந்தால் 40-ஆம் நாள். மறுநாள் சோதனை தீர்ப்புக்காக அல்ல, பிற்பாடு ஒப்பிட ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும் என்பதற்காக. பிஸ்கட், கேக் வகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் நிலைக்கு வந்துவிடும். கஸ்டர்டுக்கு மூன்று முதல் ஆறு வாரம் கொடுங்கள்.

ஊற வைப்பதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முன்பு சொன்ன அசிட்டோயின் இங்கேதான் திரும்பி வருகிறது. நாள்பட நாள்பட அதில் ஒரு பகுதி டைஅசிட்டைலாகிறது. தகவல் தாளில் டைஅசிட்டைல் இல்லை, அசிட்டோயின் மட்டும் இருக்கிறது என்றால், ஆறு வாரம் ஊறிய பாட்டிலில் அது இல்லை என்று சொல்ல முடியாது. எனவே நீண்ட நாள் ஊற வைக்க வேண்டிய வாசனைக்கு அசிட்டோயினும் இல்லாததைத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

இழுத்துப் பார்க்கும் நாள்

திரவத்தை உறிஞ்சும் பஞ்சை மாற்றக்கூடிய எளிய கருவி ஒன்றை, சொட்டு விட்டு இழுக்கும் ஆர்டிஏ போல, சோதனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். தொட்டி உள்ள கருவியில் ஒவ்வொரு முறையும் பழைய வாசனை ஒட்டிக்கொண்டு வரும். புதுப் பஞ்சு, சுத்தமான காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்), குறைந்த சூடு. உங்கள் காயிலுக்குச் சொல்லப்பட்ட வாட் வரம்பின் அடிப்பகுதியில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். க்ரீமும் கஸ்டர்டும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் மலர்வதுண்டு, ஆனால் முதல் இழுப்பையே அங்கே வைக்காதீர்கள். பஞ்சு காய்ந்து கருகிய சுவை வந்தால் உடனே நிறுத்துங்கள். அது சுவைக் கேடு மட்டும் இல்லை, பிஜியும் விஜியும் அளவு மீறிச் சூடாகிச் சிதைந்தால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உருவாகின்றன.

காலையில், காபிக்கு முன், பல் துலக்கி ஒரு மணி நேரமாவது கழித்துச் செய்வது நல்லது. 3 சதவீதத்தில் தொடங்கி மேலே போங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நான்கைந்து இழுப்பு, இடையில் தண்ணீர். புகையை மூக்கு வழியாக மெல்ல விட்டுப் பாருங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் பின்வாசலில்தான் தெரிகிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று வாசனைக்கு மேல் வேண்டாம். மூக்கு களைத்துப்போனால் நல்ல கஸ்டர்டும் வெறும் ஆவியாகத் தெரியும். அப்படி ஒன்றுமே தெரியாத நாள் வந்தால் பாட்டிலைக் குறை சொல்லாமல் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

என்ன எழுதுவது? 'நன்றாக இருக்கிறது' என்பது குறிப்பு இல்லை, ஆறு மாதம் கழித்துப் படித்தால் எதுவும் நினைவுக்கு வராது. உள்ளிழுக்கும்போது முதலில் என்ன வந்தது, நடுவில் என்ன, வெளிவிட்ட பின் நாக்கில் எது தங்கியது என்று மூன்று வரி. அப்புறம் அதன் கனம்: நீர்த்த பாலா, திரண்ட பாலா, வெண்ணெயா? இனிப்பு எங்கே உட்காருகிறது, நாக்கு நுனியிலா உதட்டிலா? தொண்டையில் எரிச்சல் உண்டா? முடிந்தால் பாட்டில் அடியில் எண்ணை எழுதி, வேறொருவரைக் கொண்டு இடம் மாற்றி வைக்கச் சொல்லிப் பாருங்கள். 9 சதவீதம்தான் சிறந்தது என்று அடித்துச் சொல்லி வந்த நான், எண் தெரியாமல் பார்த்தபோது மூன்று முறையும் 6 சதவீதத்தைத்தான் எடுத்தேன்.

குறையைப் படிக்கக் கற்பது

இந்தத் திறமை பழகப் பழகத்தான் வரும். ஆனால் பலகார வாசனைகளில் திரும்பத் திரும்ப வரும் குறைகள் சில உண்டு. அவற்றின் பின்னால் எந்தப் பொருள் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய சீஸ், புளித்த பால், மோசமாகப் போனால் வாந்தி நெடி. இது பியூட்டிரிக் அமிலம். மிகக் குறைந்த அளவில் வெண்ணெய்ச் செழுமை தருவதால், டைஅசிட்டைலை நீக்கிய வடிவங்களில் இதைச் சேர்ப்பார்கள். அளவைக் குறையுங்கள், இன்னும் இரண்டு வாரம் விடுங்கள், பெரும்பாலும் அடங்கும். 3 சதவீதத்திலும் 21-ஆம் நாளிலும் அதே நெடி என்றால் அந்த வாசனை உங்களுக்கானது இல்லை. இதை உணரும் திறன் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். பக்கத்தில் இருப்பவருக்கு அமிர்தமாகத் தெரிவது உங்களுக்குக் குமட்டலாம்.

பொரித்த சோளம், வறுத்த ரொட்டி ஓரம் போல ஒரு வாடை வந்தால் அது அசிட்டைல் பைரசின். பிஸ்கட்டுக்கும் 'பை' (pie) பலகாரத்தின் மேலோட்டுக்கும் உயிர் கொடுப்பது இதுதான், ஆனால் சொட்டு கூடினால் பலகாரம் மறைந்து சோளம் மட்டும் நிற்கும். கஸ்டர்டில் இது தூக்கலாக இருந்தால் நான் ஒதுக்கிவிடுவேன்.

எல்லாமே இனிப்பாக இருக்கிறது, ஆனால் எதுவும் தெளிவாக இல்லை, கண்ணாடி மேல் ஆவி படிந்த மாதிரி. இது எத்தில் மால்டால். பஞ்சு மிட்டாய் மணம் இதனுடையது. கொஞ்சம் இருந்தால் மற்ற வாசனைகளின் முனையை மழுக்கி ஒன்று சேர்க்கும், அதிகமானால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். 9 சதவீதம் 6-ஐ விட மங்கலாகத் தெரிகிறதா? அப்படியென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். புதியவர்கள் சுவை போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள், அது இன்னும் மங்கும். குறைத்துப் பாருங்கள்.

தொண்டையில் மிளகு போல உறைப்பு இருந்தால் வெனிலின் அளவு மிகுதியாக இருக்கலாம், பட்டை சேர்ந்த பலகாரம் என்றால் சின்னமால்டிஹைடாக இருக்கலாம். பட்டை வாசனை பிளாஸ்டிக் தொட்டிகளில் விரிசல் விடச் செய்யும் என்பதால் அதைக் கண்ணாடியில்தான் வைக்க வேண்டும். உறைப்பு மூன்று வாரத்திலும் தணியவில்லை என்றால் வாசனையைக் கைவிடுங்கள், தொண்டை சொல்வதை மீறிப் பழக வேண்டாம்.

காயில் இரண்டு மூன்று நாளிலேயே கரி பிடித்துக் கறுக்கிறதா? கான்சன்ட்ரேட்டில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி இருக்கலாம். உதட்டில் ஒட்டும் அந்தக் கடை இனிப்பு அதிலிருந்துதான் வருகிறது. சூட்டில் அது சிதையும்போது குளோரின் கொண்ட பொருள்கள் உண்டாகின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இனிப்பூட்டி சேர்த்தது என்று லேபிளிலேயே இருந்தால் நான் வாங்குவதில்லை. நல்ல கஸ்டர்டுக்கு வெனிலினே போதிய இனிப்பைத் தரும்.

சில க்ரீம் வாசனைகளில் இறைச்சிச் சாறு போல ஒரு நிழல் தெரியும். புதியவர்கள் தங்கள் மூக்கின் மீதே சந்தேகப்படுவார்கள். மூக்கு சரிதான். சல்ஃப்யூரால் என்ற பொருள் நீர்த்த அளவில் சூடான பால் மணமும் செறிவில் இறைச்சி மணமும் தரும். அளவைப் பாதியாக்கினால் பால் திரும்பி வரும்.

பாட்டிலை வைத்துக்கொள்வதா, விடுவதா

21-ஆம் நாள் குறிப்பை மறுநாள் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் மூன்று விஷயம் பார்ப்பேன். குறைந்த அளவிலேயே நிற்கிறதா? குறைவாகப் போட்டு நிறைவாகக் கிடைத்தால் உள்ளே போகும் வாசனைப் பொருளும் குறைவு, அதற்காகவே அது எனக்கு மேல். நாள் போகப் போகக் கூடுகிறதா, குறைகிறதா? மறுநாள் அருமையாக இருந்து மூன்று வாரத்தில் வெறுமையாகிப் போனால், அது கஸ்டர்டின் மேல்பூச்சு மட்டும்தான். கடைசியாக, தனியாகவே இழுக்கத் தோன்றுகிறதா, அல்லது வேறொன்றுக்குத் துணையாக மட்டும் பயன்படுமா? துணையாக மட்டும் பயன்பட்டாலும் தவறில்லை. பல நல்ல க்ரீம்கள் தனியே சப்பென்றுதான் இருக்கும், ஒரு பழத்தின் கீழே 2 சதவீதம் வைத்தால் பழத்துக்கு உடம்பு கொடுக்கும். குறிப்பில் அப்படியே எழுதிவிடுங்கள்.

பிடித்துப்போனது என்றால் அந்தக் கான்சன்ட்ரேட் பாட்டிலின் தொகுதி எண்ணையும் திறந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். உற்பத்தியாளர்கள் பெயரை மாற்றாமல் செய்முறையை மாற்றுவதுண்டு. அடுத்த முறை வாங்கும்போது தொகுதி எண் வேறாக இருந்தால், தகவல் தாளை மறுபடி இறக்கி அந்த மூன்று சிஏஎஸ் எண்ணையும் தேடுங்கள். அப்புறம் 6 சதவீதத்தில் ஒரே ஒரு பாட்டில் கலந்து, தேதி போட்டு, பழையதன் பக்கத்தில் மூன்று வாரம் வையுங்கள்.